இருபது கிலோவுக்குக் கீழே

பள்ளிப்பட்டு தாண்டி நகரி போகும் சாலையில்
அறுபது டன் எடைமேடை.
கேபினுக்கு ஒரே ஜன்னல், அதுவும் மேற்கே.
மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து
திரையைத் துடைத்துப் போட்டுவிடும்.
எண்ணைப் படிக்க
தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிவேன்,
ஆவி பிடிப்பவளைப் போல.
அந்தப் போர்வைக்குள்தான்
நொச்சி ஞாபகம் வந்தது.

முதலாளி தகரம் இறக்குவதாகச் சொல்லியிருந்தார்.
இரண்டு கோடை இறக்கினார்,
வாயால்.

எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரம்,
கட்டைவிரல் தடிமனில் ஆறு குச்சி ஒடித்தேன்.
எருமை ஓட்டி வந்த சேஷய்யா கேட்டார்:
"வாவிலி எதுக்கும்மா, கொசுவுக்கா?"
நிழலுக்கு என்றேன்.
"நிழலுக்கு வேம்பு இல்ல வெக்கணும்."
வேம்பு கூரை உயரம் வர எட்டு வருஷம்.
எனக்கு அவ்வளவு நாள் வேலை இருக்குமா,
யாருக்குத் தெரியும்.

நான்கு செத்தது.
ரேடியேட்டருக்கு ஊற்றிய மிச்சத் தண்ணீரில்
இரண்டு மட்டும்
ஐந்து ஐந்து விரலாய் இலை விட்டது.
ஆடுகள் வந்து முகர்ந்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.
அந்த அவமரியாதைக்கு இன்றும் என் நன்றி.

இரண்டாம் ஆடியில் ஜன்னல் உயரம்.
நீலமா ஊதாவா என்று தீர்மானிக்காத பூ.
முதலில் வந்தது ஒரு தச்சன் வண்டு,
கருப்பாய், பழைய டீசல் எஞ்சின் குரலில்.
பூந்தண்டு ஒன்றில் இறங்கியது;
தண்டு அப்படியே வளைந்து
மேடை விளிம்பைத் தொட்டது.
பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
எதுவும் இதற்குத் தெரியாது.

பிறகு வந்தவற்றுக்கும் சீட்டு போடவில்லை:
கொசுத்தேனீ, நீல வரி போட்ட பட்டாம்பூச்சிகள்,
அவற்றுக்காகக் காத்திருந்த ஓணான்.
பிரிண்டர் தாளின் ஓட்டை போட்ட ஓரத்தை
கிழித்துக் கிழித்து வெளியே எறிவேன்.
ஒருநாள் பார்த்தால்
சின்னான் அதைத் தன் கூட்டுக்குச் சுற்றியிருக்கிறது.
மூன்று முட்டை,
கணக்குத் தாளின் மேல்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
ஒரு ராத்திரி, மணல் லாரி.
நாலு டன் குறைத்துப் போடு என்று போன் வந்தது.
போட்டேன்.
கோட்டை மதிலைக் காத்தவர்கள் நொச்சி சூடினார்கள் என்று
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து
மார்க் வாங்கியவள்தான் நான்.

முத்திரை வைக்க ஆய்வாளர் வந்தார்.
இரும்புக் கற்களை ஆட்கள் ஏற்றி ஏற்றி இறக்கினார்கள்,
எல்லாம் சரி.
செடி நிழலில் நின்று கையெழுத்துப் போட்டபடி சொன்னார்:
"கிளை மேடைமேல படுது. எடையில சேரும், வெட்டிடுங்க."
அந்தக் கிளையில்தான் கூடு.
நாலு டன் காணாமல் போன மேடை சார் இது,
என்று நாக்கு வரை வந்தது.
விழுங்கிக்கொண்டு,
அவர் போனதும்
தார்ப்பாய்க் கயிற்றால் கிளையை இழுத்து
ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
இப்போது கூடு
கீபோர்டிலிருந்து ஒரு முழம்.

ரேணிகுண்டா டிரைவர் ஒருவர் சளியோடு வந்தார்.
கூடு இல்லாத பக்கம் பார்த்து
இரண்டு கை இலை ஒடித்துக் கொடுத்தேன்.
"எந்த?" என்றார், சட்டைப் பையைத் தொட்டு.
தலையசைத்தேன்.

மூன்று மணிக்கு இப்போது துண்டு வேண்டாம்.
ஆனால் காற்றடித்தால்
இலை நிழல் திரைமேல் ஆடுகிறது.
எட்டு ஆறாகிறது, ஆறு பூஜ்யமாகிறது,
நிற்கும் வரை எண்ணை நம்ப முடியாது.
மேடையில் ஜல்லி லாரி,
ஹாரன்மேல் ஹாரன்.
முட்டைமேல் இருப்பவள் அசையவில்லை.
இரு, என்று
கையை மட்டும் வெளியே காட்டுகிறேன்.