மீதி இரண்டு வெள்ளி நாற்பது

லாயாங் லாயாங்கில் மழை விட்டதும்
செம்பனை ஆலையின் புளித்த வாடை
கடைக்குள் வந்து உட்காரும்.
ஒன்றும் வாங்காது.

ஐந்து ஐந்து ஐந்து என்று அட்டையில் அச்சடித்த
சின்னக் கடன் நோட்டுகள் கல்லாவுக்கடியில்.
மாரியாயி மகள் – அரிசி, மைலோ டின்.
சிக்கு ரோஸ்லி – முட்டை ஒரு தட்டு.
ஆ சியோங் – சிகரெட்டு, சிகரெட்டு, சிகரெட்டு.
அப்புறம்
இந்தோன் ஒன்று. இந்தோன் இரண்டு.
இந்தோன் மீசை. இந்தோன் பச்சைத்தொப்பி.
பெயர் கேட்டதில்லை.
பெர்மிட் கேட்டிருக்கிறேன்,
இமிகிரேஷன் எனக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி.

இவன்கள் வந்துதான் கூலி ஏறவில்லை என்பான்
என் தம்பி புவனேந்திரன்.
சொல்லிவிட்டு விடிகாலை மூன்றரைக்கு
மோட்டார் சைக்கிளை உதைப்பான்.
பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர்க் கிடங்கில்,
உங்க ஆளுங்க வந்துதான் எங்களுக்குச் சம்பளம் ஏறல
என்பானாம் சூப்பர்வைசர்.
தமிழில்தான் சொல்வானாம்.
அதை மட்டும் தம்பி இரண்டு தடவை சொன்னான்.

சனிக்கிழமை ராத்திரி பந்தாட்டம். மலேசியா, இந்தோனேசியா.
மாமாக் கடையில் வெள்ளைத்துணி கட்டி
ஊரே தே தாரேக்கோடு உட்கார்ந்திருந்தது.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.
ஆனாலும் கத்தினேன்.
கோயில் ஒலிபெருக்கிக்கு எதிராக மனு எழுதிய சிக்கு ரோஸ்லி
எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.
கித்தா, என்றார். நாம்.
அந்தச் சொல்லுக்குள் நானும் இருந்தேன்.
நாற்பத்தாறு வருஷத்தில்
இத்தனை சுலபமாக யாரும் என்னை உள்ளே விட்டதில்லை.
ஒரு கூச்சல்தான் டிக்கெட்டு.

கோல் விழுந்தது. யாரோ ஆரம்பித்தான்:
இந்தோன், பாலேக்!
மேசைக்கு மேசை பற்றிக்கொண்டது.
பாலேக். திரும்பிப் போ.
எனக்குத் தெரிந்த சொல்தான்.
ஆறாம் வகுப்பில் பஸ் ஸ்டாப்பில்
என் சடையைப் பிடித்து இழுத்த சொல்.
சிவப்பு அடையாளக் கார்டோடு செத்துப்போன அப்பாவிடம்
ஒவ்வொரு கவுண்டரிலும் மரியாதையாகப் பேசிய சொல்.
என் வாயில்
வெற்றிலை மாதிரி மெத்தென்று இருந்தது.

பச்சைத்தொப்பி அடுப்போரம் நின்றிருந்தான்.
கையில் மீ கோரெங் பொட்டலம்.
என்னைப் பார்த்தானோ என்னவோ,
திரையைத்தான் பார்த்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வந்தான்.
இபு, என்றான், எப்போதும் போல.
கணக்கு எவ்வளவு என்றான்.
நூற்றேழு வெள்ளி அறுபது.
நூற்றுப்பத்தை வைத்தான்.
நான் சில்லறைக்குக் குனிந்து நிமிர்வதற்குள்
வாசலில் வெயில் மட்டும்.

எதிர்ச்சாரியில் எஸ்டேட் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
பின்னால் பதினைந்து இருபது பேர்,
நீளக் கம்புகளில் அரிவாள்கள்,
எல்லார் தலையிலும் ஏதோ ஒரு தொப்பி.
காசோடு ஓடினேன்.
கூப்பிட வாயைத் திறந்தேன்.
நோட்டில் எழுதியிருந்த பெயர்தான் என்னிடம் இருந்தது.
அதைச் சொன்னால்
லாரி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

வாயை மூடிக்கொண்டேன்.
புகையைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் வாங்குகிறானாம்.
விலை அங்கே கூட.

காசை மைலோ மூடியில் தனியாக வைத்திருக்கிறேன்.
யாரோடது என்றான் தம்பி.
ஒருத்தரோடது என்றேன்.
பெட்ரோலுக்கு ஆகும் என்று கையை நீட்டினான்.
தட்டிவிட்டேன்.
கொஞ்சம் பலமாகவே.