ஒரு மாதம் கூட்டி

எத்தனை வாரம் ஆகும் என்று
எல்லோரும் வாசலிலேயே கேட்பார்கள்.
வைனோ பெல்கோனன் கேட்கவில்லை.
காலண்டரை மேசையில் விரித்து
டிசம்பர் பன்னிரண்டைச் சுற்றிச்
சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார்.
"அன்றைக்கு ஐலி வருகிறாள்.
சக்கர நாற்காலியில்."

துலூத் நகரம். செப்டம்பர் கடைசி.
ஏரிக்காற்று ஜன்னல் வழியே நுழைந்து
மாதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது,
அதற்கும் ஏதோ கணக்கு இருந்ததுபோல.

கையில் இருந்தது பதினொரு வாரம்.
நான் என் கணக்கைச் சொன்னேன்:
வரைபடத்துக்கு இரண்டு. நகராட்சி அனுமதிக்கு ஒன்றரை.
தொழிற்சாலையிலிருந்து அலமாரிகள் வர எட்டு.
அலமாரி நின்ற பிறகுதான் மேடைக்கல்லுக்கு அளவெடுப்பார்கள்,
அளவெடுத்தபின் கல் வர மூன்று.

"இடிப்பதற்கு?" என்றார்.

"இரண்டு நாள்.
இடிப்பது மட்டும்தான்
சொன்ன நேரத்துக்கு முடியும்."

அவர் சிரிக்கவில்லை.
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் கராஜுக்கு வந்து சேராமல்
சுத்தியலைத் தொடுவதில்லை என்பது என் வழக்கம்.
அந்த வட்டத்துக்காக மீறினேன்.

வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள்.
ஆள் குடியிருக்கும் வீட்டில்
அடுப்படியை மட்டும் பிரித்துப்பார்.
இஸ்திரி மேசைமேல் மைக்ரோவேவ்.
படுக்கையறையில் ஃப்ரிட்ஜ், இரவெல்லாம் முனகிக்கொண்டு.
எழுபத்தோரு வயதில் வைனோ
முழங்காலிட்டுக் குளியல் தொட்டியில் தட்டு கழுவினார்.
மருத்துவமனையிலிருந்து ஐலி அழைத்தால்
"எல்லாம் நன்றாகப் போகிறது" என்பார்,
தலைமயிரில் சுண்ணாம்புத் தூசியோடு.

நன்றாகப் போகவில்லை.
சிங்க்குக்கு அடியில் பலகையைத் தூக்கினால்
தாங்கு கட்டை ஈர ரொட்டிபோல் பிய்ந்து வந்தது.
எத்தனை வருடச் சொட்டோ.
ஆய்வாளர் திங்கள் என்று வியாழன் வந்தார்,
வியாழன் என்று வரவே இல்லை.
பழைய அலமாரி இருந்த சுவரில்
முன்னொரு தச்சர் பென்சிலால் எழுதியிருந்தார்:
ஆறு வாரம். அதன்மேல் ஒரு கோடு.
ஒன்பது. அதன்மேலும்.
பிறகு ஒன்றுமில்லை, வெறும் சுவர்.
வைனோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அன்றுதான் சிரித்தார்.

டிசம்பர் பன்னிரண்டு.
அலமாரி நின்றது, குழாயில் தண்ணீர் வந்தது.
கல் வரவில்லை.
அவள் நாற்காலி நுழையும் இடத்தில்
நான்கு தாங்கிகளின்மேல் ஒரு ப்ளைவுட்,
கை கிழிக்காதபடி விளிம்பைத் தேய்த்துவைத்திருந்தேன்.
மன்னிப்பை லாரியிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாயிற்று.

ஐலி சுவரின் நிறத்தைப் பார்க்கவில்லை.
நேரே உள்ளே உருட்டிவந்து
இரண்டு கைகளையும் பலகைமேல் வைத்தாள்.
மாவு கேட்டாள். உருளை கேட்டாள்.
இரண்டே தேய்ப்பு.
"ஒரு அங்குலம் உயரம், பெர்னிஸ்."

டேப் போட்டுப் பார்த்தேன்.
வரைபடத்தில் இருந்த அளவேதான், மயிரிழை பிசகவில்லை.
வரைபடத்தில் அவள் தோள் இல்லை, அவ்வளவுதான்.

கல் நேரத்துக்கு வந்திருந்தால்
இந்நேரம் பசைபோட்டு ஒட்டியிருப்பேன்.
ஒன்றும் பேசாமல் திருகுகளைக் கழற்றினேன்.
இறக்கினேன்.
"இன்னும் கொஞ்சம்."
இறக்கினேன்.
"ம்."

ஜனவரி நடுவில் கல் வந்தது.
அதற்குள் ப்ளைவுட் மாவேறி வெளுத்திருந்தது.
அதை எறியவேண்டாம் என்றாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது வாசலில் கேட்பவர்களுக்கு
எண்ணைச் சொல்கிறேன், ஒரு மாதம் கூட்டி.
அந்த மாதம் எதற்கு என்று கேட்டால்
மக்கிய கட்டை, ஆய்வாளர், பனி
என்று ஏதாவது சொல்லிவைப்பேன்.