ஒன்பதாம் செதில்

மிக்கேல் திருநாளன்று எர்னென் ஊர் மொத்தமும்
கதவைச் சாத்திக்கொள்ளும்.
தராசோடு நான் மட்டும் வெளியே நிற்பேன்.
டிராகன் மேற்கிலிருந்து வரும்.
கோயில் புல்வெளியில் தாடையை இறக்கி
பூனை மாதிரி ஒற்றைக் கண்ணை மூடும்.
பதினேழு மரக்கால் உப்பு.
ஒரு பிடி குறைந்தால்
அதன் மூக்கிலிருந்து வெந்த கல்லின் வாடை.
ஒரு பிடி கூடினால் அதைத் தொடாமல் ஒதுக்கி வைக்கும்.
அத்தனை நேர்மையான ஆளை
நான் சந்தையில் பார்த்ததில்லை.

உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கும்,
ரோன் ஆறு ஒரு முழம் இறங்கும்.
மூன்று இரவு தங்கிவிட்டுப் போகும்.
வசந்தத்தில் மறுபடி வந்து
கிரிம்சல் கணவாயின் பனியை மூச்சுவிட்டே உருக்கித் தரும்.
இதுதான் ஒப்பந்தம்.
யார் போட்டதென்று யாருக்கும் தெரியாது.

அதன் செதில்களுக்கு அடியில்,
இறவாரத்தில் தகைவிலான் குடியிருப்பது போல,
வரையரமக்கள்.
பகலில் விரல் உயரம்.
பனி இறங்கிய இரவில் ஆள் உயரம்.

ஒன்பதாம் செதில்காரன்
என்னைவிட இரண்டு விரல் குட்டை.
ஒத்துக்கொள்ள மாட்டான்.
அவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பதால்
"நான் நிற்கும் இடம் பள்ளம்" என்பான்.
உண்மையிலேயே கொஞ்சம் பள்ளம்தான்,
தேடிப்போய் அதில்தான் நிற்பான்.
அவன் பெயர் பனிக்கூர் ஒடியும் சத்தம்.
என் நாக்குக்கு வரவில்லை,
லின் என்று சுருக்கிவிட்டேன்.
உப்புக் கொட்டகை நிலைக்காலில்
என் உயரத்தைக் கத்தியால் கீறினான்.
தன்னுடையதைக் கீறவில்லை.
மூன்று ஆண்டு, ஒன்பது இரவு.
எண்ணுவது என் தொழில்.

பிறகு உப்பு விலை இரட்டித்தது.
எலுமிச்சை நிறத்துக்குப் பழுத்த லிண்டன் மரத்தடியில்
கைகள் உயர்ந்தன.
பெர்னிலிருந்து ஒரு வீரனை வரவழைத்தார்கள்.
பெர்க்டோல்ட். இருபது வயது.
கவசம் இரவல், தோளில் தொளதொளத்தது.
கெட்டவன் இல்லை. குதிரைக்கு முதலில் தீனி வைத்தான்,
தான் பிறகு சாப்பிட்டான்.
"எந்தச் செதிலுக்கடியில் சதை மெது?" என்று கேட்டான்.
ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.
நான்தானே அதன் கழுத்தருகே நிற்பவள்.

ஒன்பது என்பது உண்மை.
பதினான்கு என்றேன்.
என் வாழ்நாளின் முதல் கள்ள எடை.

ஈட்டி காய்ந்த ரொட்டி போல முறிந்தது.
மூடியிருந்த கண்ணை டிராகன் திறந்தது.
அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.
யாரையும் எரிக்கவில்லை.
எழுந்த காற்றில் பதின்மூன்று வீட்டுக் கூரை போயிற்று.
பாதி உப்பை அப்படியே விட்டுவிட்டு,
எல்லாச் செதில்களையும் இறுக்கிக்கொண்டு,
உள்ளே இருந்தவர்களோடு
தெற்கே, இத்தாலிப் பக்கம், பறந்தது.
உச்சி வெயிலில், செப்டம்பரில்,
பனிக்கூர் ஒன்று ஒடியும் சத்தம் கேட்டேன்.
வேறு யாருக்கும் கேட்கவில்லை.

தராசைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
கணவாய் ஜூன்வரை திறக்கவில்லை.
பாலாடைக்கட்டி உப்பில்லாமல் புழுத்தது.
என்னைக் கண்டால் பெண்கள் தெருவின் மறுபக்கம் போனார்கள்;
தெரு ஒன்றுதான், அதனால் அடிக்கடி சேற்றில் இறங்கினார்கள்.
பெர்க்டோல்ட் ஊர் திரும்ப வெட்கப்பட்டுக்
கூரை வேய்கிறான்.
ஈட்டி பிடித்ததைவிட நன்றாக வேய்கிறான்.
ஒருநாள் ஏணியிலிருந்தே கேட்டான்:
"தெரிந்தேதான் சொன்னாயா?"
ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன்.

இந்த மிக்கேல் திருநாளில்
யாரும் கதவைச் சாத்தவில்லை. எதுவும் வரவும் இல்லை.
பழக்கத்தில் ஒரு பிடி உப்பை
கொட்டகைப் படியில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.
விடியலில் படி வெறுமை.
மாடு நக்கியிருக்கலாம்.
ஆனால் நிலைக்காலில் புதிதாய் ஒரு கீறல்,
என் கோட்டுக்கு மேலே,
சரியாக இரண்டு விரல்.

குனிந்து பார்த்தேன்.
உறைபனியில் இரண்டு தடம்.
குதிகால் எங்கும் பதியவில்லை,
விரல்நுனி மட்டும்.

பொய் சொல்ல வராதாம்.
களவாணி.