கடல் தண்ணி படாத வண்டி

கச்சான் தொடங்கி ஒன்பதாம் நாள்
உவர்மலை இறக்கத்தில் தெரிந்துவிட்டது
நான் ஓட்டுவது கார் அல்ல, போறணை.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் பீஜோ,
ஆறு ஸ்ரீ இலக்கம், தயிர் நிறம்.
ஏசி என்று ஒரு திருகி உண்டு.
திருகலாம்.
அவ்வளவுதான்.

"வித்துப்போட்டு ஒரு வகன்ஆர் எடுங்கோ மிஸ்"
நீதிமன்ற வளவில் எல்லோருக்கும் இதே வாய்.
நான் நொத்தாரிசு.
ஊரார் விற்பதற்கும் வாங்குவதற்கும் பக்கத்தில் நிற்பது பிழைப்பு.
என்னுடையதை விற்கத்தான் வருவதில்லை.

அனுராதபுரச் சந்திக்கு அப்பால் நிஸ்தாரின் கராஜ்.
கிண்ணியாக்காரன்.
கிழமை முழுக்க மீன்வாடிகளின் ஐஸ் அறைகள்,
ஞாயிறு மட்டும் பழைய கார்கள்.
பொனெற்றைத் தூக்கி
வால்வை நகத்தால் அழுத்தினான்.
ஒரு சீறல்கூட இல்லை.
"காஸ் எப்பவோ மௌத்து."

பழைய கொம்பிரசர் ஆட்டுக்கல் கனம்.
நாலு போல்ட்டில் மூன்று வந்தன.
நாலாவது
மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை, நெருப்புக்கும் மசியவில்லை.
நிஸ்தார் அதற்கு முன்னால் குந்தி
ஒரு பிளேன்ரீ குடித்து முடித்தான்,
பிறகு சும்மா தொட்டதுபோல் திருப்பினான்.
கவிழ்த்தபோது வடிந்த எண்ணெய்
கருப்பட்டிப் பாகு மாதிரி யோசித்து யோசித்து இறங்கியது.

புதியது அலுமினியம், மாப்பேணி அளவு.
பழையவரின் கதிரை அதற்குப் பொருந்தாது.
துறைமுகத்துக் கழிவிரும்பை வெட்டிப்
புதுக் கதிரை ஒட்டினார்கள்.
அப்படியும் பெல்ட் ஒரு நூல் விலகி ஓடியது.
சமித, அபயபுரப் பெடியன், சட்டைப்பையைத் தடவி
இரண்டு ரூபாய்க் குற்றியொன்றைத் துளைத்து
இடையில் செருகினான்.
அரச இலச்சினையோடு நேரானது பெல்ட்.
சட்டப்படி குற்றம்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

குழாய்களைக் கழுவி, பச்சை வளையங்கள் மாற்றி,
எலி தின்ற ஊதிக்குப் புது வயர் இழுத்து,
வெற்றிடம் பிடிக்கப் போட்டார்கள்.
முள் கீழே போய் அங்கேயே நிற்கவேண்டும்,
ஒரு மணித்தியாலம்.
"ஒண்டுமில்லாததை ஒண்டுமில்லாம வச்சிருக்கிறதுதான் மிஸ்
இதில கஷ்டம்."
மூவரும் முள்ளையே பார்த்திருந்தோம்.
வாசலுக்கு ஒரு மான் வந்து
வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டுப் போயிற்று.
முள் அசையவில்லை.

காஸ் ஏறியது.
டிக்.
என்ஜின் ஒருகணம் தோள் தாழ்த்திப்
பாரத்தை ஏற்றுக்கொண்டது.
நிஸ்தார் ஊதியைக் கடைசிப் படிக்குத் திருப்பினான்.

மண்.

குளிருக்கு முன் மண் வந்தது.
நாலு துவாரத்தாலும்
ஸ்டியரிங்கில், என் மடியில், சேலைக் கொசுவத்தில்
மாப்போல வெள்ளை மண்.
கடைசியாய் நகத்தளவு சிப்பி ஒன்று
கிலுக்கென்று விழுந்தது.

சமித சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.
"மிஸ், இது கடல் குளிச்ச கார்" என்றான் நிஸ்தார்.

நிலாவெளி அருமைத்துரை
சாவியை என் மேசையில் வைத்துச் சொன்னது:
"கடல் தண்ணி படாத வண்டி.
என்ர பிள்ளையளாணை."

சத்தியங்களைக் கேட்டு முத்திரை குத்துகிறவள் நான்.
எந்தப் பிள்ளைகள் என்று
கேட்கவில்லை.
அந்தத் தைமாதம் என் கந்தோர் வரிசை
தபாற்கந்தோர் வரைக்கும் நின்றது.
காணாமற்போனோர் பெயர், வயது, கடைசியாய்க் கண்ட இடம்.
ஒரு நாளில் நாற்பது சத்தியக்கடதாசி,
முகங்களைப் பார்க்காமல் இருக்கப் பழகிய கிழமைகள்.
அவர் அதில் நின்றாரோ தெரியாது.
கட்டுக்கள் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன.
எடுத்துப் பார்க்கப்போவதில்லை.

குளிர் வந்தது.
முழங்காலில், பிறகு முகத்தில்,
கிளிசறைத் துவைத்துக் காயப்போட்ட மணத்தோடு.

நிஸ்தார் பில் எழுதினான்:
கொம்பிரசர், பெல்ட், காஸ், எண்ணெய், கூலி.
அதற்குக் கீழே
"காற்றுக்குழாய் மண் துப்பரவு" என்று எழுதித்
தொகை போடாமல் என்னைப் பார்த்தான்.

அந்த வரியை என் பேனையால் வெட்டினேன்.
ஓரத்தில், உறுதியில் செய்வதுபோல,
சுருக்கொப்பம் வைத்தேன்.