துழாவாத துடுப்பு

பெயர்தான் துடுப்பு.
எதையும் துழாவாது.
சுக்கானும் அல்ல, திருப்புவதற்கு
அதன் மேல் ஒரு கையும் இல்லை.
மூன்று பால்சா மரத்துண்டுகள்,
அட்டைக் குழலின் அடியில்
ஒட்டிக் காய்ந்தவை. அவ்வளவே.

பானாட் சமவெளி. சோளம் அறுத்த அடித்தட்டைகள்.
கோஷாவாக் காற்று
எங்களுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டது.
கழுத்தில் ஒரு விசில், கையில் காற்றளவி,
வாயில் 'கூடாது' என்ற சொல்:
களத்தில் என் வேலை இது.

சென்ற ஆண்டு வுகாஷினிடம் அதைச் சொல்லாமல் விட்டேன்.
ஸ்ரென்யானின் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர்.
அவருடைய ராக்கெட் கம்பியை விட்டதும்
தன் வாலைத் துரத்தும் நாயாகி
மூன்று குட்டிக்கரணம் போட்டு
என் காரின் பின்கண்ணாடி வழியே நுழைந்து
இருக்கையில் அமர்ந்தது, புகைந்தபடி.
துடுப்புகள் சிறியவை, மூக்கில் எடையில்லை.
காற்று தள்ளும் இடம்
கனம் குந்தியிருக்கும் இடத்துக்கு முன்னால் போய்விட்டது.
அப்புறம் தலைக்கும் வாலுக்கும்
யார் முதலில் என்று சண்டை.
கண்ணாடிக்குப் பணம் தந்தார்.
மன்னிப்பை அவர் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு அவர் கொண்டுவந்தது
ராக்கெட் அல்ல, பயம்.
ஒவ்வொரு துடுப்பும் ரொட்டி வெட்டும் பலகை அகலம்.
"இனி கவிழாது, ஸ்லாவிட்சா."
கவிழாதுதான்.
சமன்படும் புள்ளியில் நூல் கட்டித்
தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தேன்.
மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு
ஒரு தரமும் தயங்காமல் சுற்றியது.
விதிப்புத்தகம் என் வாயை அடைத்தது.
ஊதினேன்.

முதல் ஒரு மீட்டருக்குக் கம்பிதான் துணை.
வேகம் வருமுன் துடுப்பு வெறும் மரம்.
வந்த பிறகும்,
நேராகப் போகும் வரை அதற்கு வேலையில்லை.
இரு பக்கமும் ஒரே காற்று,
நடுவே கத்தி போல நழுவுகிறது.
மூக்கு ஓர் இம்மி விலகட்டும்,
அப்போதுதான் காற்றுக்கு ஒரு கன்னம் கிடைக்கிறது.
ஓர் அறை.
வால் ஒதுங்க, மூக்கு திரும்புகிறது,
சற்றே மிஞ்சியும் போகிறது.
மறுகன்னத்தில் ஒன்று, மெல்ல.
இன்னும் மெல்ல.
நேர்.

தவறு நடக்கும் வரை
துடுப்பு யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.
எனக்கு இது பிடிக்கும். எனக்கு இது வராது.

ஆனால் வீசியது கோஷாவா.
எதிரே வருகிற காற்றுக்கு முகம் கொடுப்பது,
துடுப்புக்குத் தெரிந்தது அது ஒன்றே.
வானம் எந்தப் பக்கம் என்று
யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.
அவ்வளவு பெரிய துடுப்பு, அவ்வளவு விசுவாசம்:
தென்கிழக்கே சாய்ந்து,
சாய்ந்துகொண்டே போய்,
வாய்க்காலுக்கு அப்பால்
காய்ந்த சூரியகாந்திகளுக்குள் பாய்ந்தது,
துளித் தள்ளாட்டம் இல்லாமல்.

வுகாஷின் தொப்பியைக் கழற்றினார்.
"கவிழவில்லையே" என்றார்.

வாய்க்காலைச் சுற்றி நடந்து எடுத்துவந்தோம்.
கார் மூடியின் மேல் வைத்து
என் பேனாக்கத்தியால் துடுப்புகளைப் பாதியாக அறுத்தார்.
மூக்குக்குள் போட
டிக்கெட் சில்லறை இரண்டை எடுத்தார்.
உலோகம் கூடாது என்றேன்,
அந்தச் சொல் இந்த முறை உடனே வந்தது.
பின்கண்ணாடி பதித்தபோது மிஞ்சிய கறுப்புப் பசை
டாஷ்போர்டில் கிடந்தது.
உருட்டிக் கொடுத்தேன்.
எதற்கு வாங்கியது என்று அவர் கேட்கவில்லை.
கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொண்டே இருந்தார்,
தேவைக்கும் அதிக நேரம்.

நாலரை மணிக்குக் காற்று கொஞ்சம் இறங்கியது.
நூல். சுழற்சி. விசில்.

அது போய்விட்டது.
எங்கள் தலைக்கு மேல் நின்றது
புகையின் கோடு ஒன்று,
அடியிலிருந்து ஓர் ஆள் உயரத்தில்
ஒரு சிறு நெளிவு,
அதற்கு மேல் நெளிவு இல்லை.
வுகாஷின் ராக்கெட்டைப் பார்க்கவில்லை.
கோஷாவா கலைக்கும் வரை
நெளிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.