பெட்டி முந்நூறு

ஓசூர் ஏஜென்ட் விரல் மடக்கிச் சொன்னார்:
அம்சவேணிக்கு எல்லாம் சரி.
நர்சிங் பதிவு, ஆங்கிலப் பரீட்சை,
லீட்ஸ் ஆஸ்பத்திரிக் கடிதம்,
எந்த வார்டு என்பது வரை வந்துவிட்டது.
சிக்கல் உங்களிடம்தான் முனிரத்தினம்.
விசாவில் நீங்கள் அவரைச் சார்ந்தவர்.
சார்ந்திருப்பதற்கு ஆதாரம் வேண்டும்.

கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதே என்றேன்.
பதினோரு மாதம்தானே ஆகிறது, அதற்கு முன்னால்?
போட்டோ, பேசிக்கொண்ட மெசேஜ்,
சேர்ந்து போன ஊர்,
இரு வீட்டாரும் நிற்கிற ஒரு படம்.

இரு வீட்டாரும்.
அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதற்கு முன்னால் ஆறு வருஷம் சார்.
அந்த ஆறு வருஷமும் எங்கள் வேலையே
ஆதாரத்தை அழிப்பதுதான்.
பாலக்கோடு பஸ்ஸில்
அவள் முன்படி என்றால் நான் பின்படி.
இறங்கியதும் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவேன்.
ஒரு டிக்கெட்டை வைத்து யார் என்ன கண்டுபிடிப்பார்கள்,
இருந்தாலும்.
அவள் தெருவும் என் தெருவும் ஒரே பஞ்சாயத்து,
நடுவில் ஒரு ஓடை.
தண்ணீர் இல்லாத ஓடைதான்.
அதைத் தாண்டியவர்களுக்கு என்ன ஆனது என்று
எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

அவள் போனில் என் பெயர் தக்காளி மண்டி.
என் போனில் அவள் கேஸ் கம்பெனி.
ராயக்கோட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான்,
அவள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி,
விலை அனுப்பினால் யார் கேட்பது?
பெட்டி முந்நூறு என்றால் மூன்று மணி.
நானூற்றைம்பது என்றால் நாலரை.
வரத்து அதிகம் என்றால்
அண்ணன் ஊரில் இருக்கிறான், வராதே.
சரக்கு அழுகல் என்று
ஒரே ஒரு தடவை அனுப்பினாள்.
பெண் பார்த்துவிட்டுப் போன ராத்திரி.

ஒரு நாள் அந்த போனை
அவள் அப்பா எடுத்துப் பார்த்திருக்கிறார்.
பெட்டி ஐந்நூறு.
டெம்போ பிடித்துப் பன்னிரண்டு பெட்டி ஏற்றிக்கொண்டு
சிரித்த முகமாக மண்டிக்கு வந்து நின்றார்.
அன்றைய விலை நூற்றெண்பது.
நான் ஐந்நூறு என்றே சீட்டு எழுதினேன்.
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
நல்ல மனுஷன்யா நீ என்று
தோளைத் தட்டிவிட்டுப் போனார்.
எந்தத் தெரு என்று அன்று கேட்கவில்லை.

அந்தச் சீட்டின் கார்பன் காப்பி
இன்னும் என்னிடம் இருக்கிறது.
அது ஆதாரத்தில் சேருமா சார்?

ஏஜென்ட் கண்ணாடியைத் துடைத்தார்.
மூன்று சட்டை, மூன்று புடவை எடுத்துக்கொண்டு
கே.ஆர்.பி. அணைக்குப் போங்கள்,
மாற்றி மாற்றி நின்று படம் எடுங்கள்,
மூன்று வருஷம் மாதிரி இருக்கும்.

பையில் சட்டை எடுத்துத்தான் போனோம்.
வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்,
போகிற இடத்துக்குப் பொய்யோடு போக வேண்டாம், போதும்.
பூங்காவில் மீன் வறுக்கிறவரிடம் போனைக் கொடுத்தோம்.
தோளில் கை போட்டேன்.
அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் நம்பர் மாதிரி
ஒரு பைக் திரும்பியது.
படத்தில் இருவருக்கும் நடுவே
இன்னொரு ஆள் நிற்கிற அளவு இடம்.
பின்னால் மதகு.

அதையே சேர்த்திருக்கிறோம்.

ராத்திரி பதினொரு மணிக்கு
விளக்கக் கடிதம் எழுதுகிறோம்.
பார்க்கப் போகிற அதிகாரி ஆணோ பெண்ணோ தெரியாது.
நாங்களாக வாய் திறந்து சொல்கிற முதல் ஆள்.
ஒரு பெட்டி முந்நூறு என்றால் மூன்று மணி என்று
நான் சொல்லச் சொல்ல
அவள் ஆங்கிலத்தில் தட்டுகிறாள்.
வரத்து அதிகம், தட்டியாயிற்று.
அடுத்தது என்று கேட்கிறேன்.

கை நிற்கிறது.
அது வேண்டாம், அது அவங்களுக்கு எதுக்கு
என்று சொல்லிவிட்டு
என் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்கிறாள்.