இயல்பு அளவு

தோட்டப்பாளையத்தில் எங்கள் லேப்பின் ஷட்டரை
முக்கால்வாசி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே நுழைந்தது ஒரு பால் தூக்கு,
அதைப் பிடித்தபடி இனாயத்துல்லா.
தூக்குக்குள் மீன் மார்க்கெட் ஐஸ்,
ஐஸுக்குள் பாலிதீன் உறை,
உறைக்குள் ஊதா மூடிக் குழாய்.
"சீக்கிரம் சுத்திடணுமாம்மா. சூடானா கெட்டுப்போகுமாம்."

நோயாளியின் பெயர்?
சாந்தினி.
வயது?
இருபத்திரண்டு.
இந்த வயதில் எதற்கு இந்தச் சோதனை என்று நிமிர்ந்தேன்.
"குதிரைம்மா."

கம்ப்யூட்டர் குதிரையை ஒப்புக்கொள்ளவில்லை.
தகப்பன் பெயர் இல்லாமல்
அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது.
தன் பெயரையே கொடுத்தார்.

குழாய் சுழன்ற பத்து நிமிடமும்
அந்த இரைச்சலுக்கு மேல் அவர் பேசினார்.
மார்கழியில் வளர்ந்த முடி
கத்திரி வெயிலிலும் கொட்டவில்லையாம்.
காட்பாடிப் பாலத்தில் தார் இளகும்போது
அவள் மட்டும் கம்பளிக்குள் நிற்கிறாளாம்,
சுருட்டை சுருட்டையாக, வேர்த்து ஒழுகி.
லாரித் தண்ணீர் வருகிற தெருவில்
வாளி வாளியாகக் குடிக்கிறாளாம்.
வயிறு தொங்குவதைப் பார்த்துச் சினையா என்று கேட்கிறார்களாம்.
இப்போது முன்னங்குளம்பு இரண்டும் கொதிக்கின்றன.

"விஷாரத்துல எந்தக் கல்யாண ஊர்வலம்னாலும்
யாராவது ஒருத்தர் வாய்ல லட்டைத் திணிச்சிடறாங்க.
வேணாம்னு சொல்லத் தெரியாதும்மா அவளுக்கு."
சொல்லிக்கொண்டே விரல் நுனிகளைத் தேய்த்தார்.
அந்த விரல்களை எனக்குத் தெரியும்.
மாதம் ஒருமுறை குத்துவது நான்தான்.

ஐம்பத்தெட்டு.
பக்கத்துக் கட்டத்தில், இயல்பு அளவு:
ஏழு முதல் அறுபத்துமூன்று.
அம்புக்குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை.
மனுஷியாயிருந்தால்
சாந்தினிக்கு ஒன்றுமே இல்லை.

"நார்மலாம்மா?"
அவர் முகத்தைப் பார்க்காமல்
டாக்டர் தமயந்திக்குப் போன் போட்டேன்.
எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சில்லை.
பின்னால் ஏதோ கன்று கத்தியது.

"இந்த மாசத்துக்கு முப்பதே ஜாஸ்தி.
அதுவும் பனி கொட்டற ஊர்க் குதிரைங்களுக்குப் போட்ட கணக்கு.
வேலூர்க் குதிரைக்கு யாரு போட்டு வச்சிருக்கா?
மூளைக்கு அடியில அரைநெல்லிக்கா மாதிரி ஒண்ணு,
அடங்கச் சொல்ற ஆள் இல்லாம
உடம்பை ஏவிக்கிட்டே இருக்கு.
முடியை மழிச்சிடச் சொல்லு. ஊர்வலம் கூடாது.
நாளைக்குத் தீனி வைக்காம இன்னொரு தடவ ரத்தம் எடுக்கறேன்,
இன்சுலினும் பாத்துடலாம்."

எட்டு வருஷமாக ரிப்போர்ட்டில்
கையெழுத்தைத் தவிர எதையும் எழுதியதில்லை.
ஏழு முதல் அறுபத்துமூன்றைப் பேனாவால் அடித்தேன்.
மேலே எழுதினேன்: குதிரை.

மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்வுக்கு வாங்கிய அட்வான்ஸ்
அதே பையில் இருந்ததோ என்னவோ,
கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

"காலைல என் சர்க்கரையையும் பாத்துடும்மா.
அவ பட்டினி கிடக்கையில
நான் மட்டும் எப்படித் திங்கறது."

வெளியே போய், தூக்கில் உருகியிருந்ததை
எங்கள் வாசல் வேம்பின் அடியில் ஊற்றினார்.
ராத்திரி முழுக்க அங்கே மீன் வாசம்.